டியூப் போகலை

விழுப்புரத்தில் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு "பிக்சர் டியூப் போச்சு" என்று கைவிரித்த பெட்டி அது. பெட்டியின் சொந்தக்காரன் போனில் அனுப்பிய வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு, "டியூப் போகலை, வேற ஏதோ" என்று சொன்னவள் கலைப்பிரியா. திண்டிவனத்தில் தன் டிவி ரிப்பேர் கடையில் உட்கார்ந்துகொண்டு, நாலு பேர் கேட்கச் சொன்னாள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்குக் கிடையாது. மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறிவிட்டாள்.

பெட்டி என்றால் ஆள் உயரப் பெட்டி. காசு போட்டு, ஒயரில் தொங்கும் துப்பாக்கியை எடுத்து, ரயில் கூரைமேல் ஓடும் திருடர்களைச் சுடும் விளையாட்டு. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் தேவாவின் கேம் கடையில் நின்றது. மாதம் ஒருமுறை அமாவாசையன்று அது லோடு ஆட்டோவில் ஏறி மேல்மலையனூர் போகும். அங்காளம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பாதி அதன்முன் நிற்கும் என்பது தேவாவின் கணக்கு.

இன்றைக்கு அமாவாசை. பெட்டியோ இருட்டாக நின்றது.

"மத்தியானம் ஆட்டோ வந்துரும். அதுக்குள்ள ஓடலன்னா ஜெகதீசன் அண்ணன் எல்சிடி மாட்டிருவாரு. பழைய டியூபு காயலாங் கடைக்கு" என்றான் தேவா.

ஜெகதீசன் புது எல்சிடி திரையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டியூப் போச்சு என்று சொன்ன இருவரில் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை. அவள் வந்ததும் டீ சொன்னவரே அவர்தான்.

"எல்சிடியில துப்பாக்கி வேலை செய்யாதுண்ணே" என்றாள் கலைப்பிரியா. "டியூப்புக்குள்ள ஒரு வெளிச்சப் புள்ளி மேலருந்து கீழ வரைக்கும் ஓடி ஓடிப் படம் வரையுது. அது எப்ப எங்க இருக்குன்னு பார்த்துதான் துப்பாக்கி குறியக் கண்டுபிடிக்குது. எல்சிடியில அந்தப் புள்ளியே கிடையாது."

"தெரியும்மா. துப்பாக்கிய எடுத்துட்டு கார் ஓட்டுற கேம் போட்டுத் தரேன்னுதான் சொல்லிக்கினு இருக்கேன்."

"கார் ஓட்டவா?" கல்லாவிலிருந்து ஒரு குரல் வெடித்தது. தேவாவின் அக்கா பாஞ்சாலி. அந்தப் பெட்டியில் முதலிடத்தில் இருக்கும் ஸ்கோர் அவளுடையது. ரயிலுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பையன்கள் எத்தனையோ பேர் முட்டிப் பார்த்துவிட்டார்கள். "அதான் ஆளாளுக்குப் போன்ல ஓட்டிக்கினு கீறானுங்களே! எம் பெட்டியில கைய வெச்சா பேஜாராயிடும், சொல்ட்டேன். ஏ பொண்ணு, நீ ஜல்தியா பாரு."

கலைப்பிரியா பின்கதவைத் திறந்தாள். சுவிட்சைப் போட்டதும் படம் வந்தது. வந்து, சோப்புக் குமிழி மாதிரி ஊதிப் பெருத்து, மங்கி, அணைந்தது. உள்ளே எங்கோ டிக், டிக் என்று ஒரு சத்தம். அரசாங்கம் வீடுவீடாகக் கொடுத்த இலவச டிவிகளில் தொழில் பழகியவள் அவள். கரண்ட் கொடுக்கும் பகுதியில் கப்பாசிட்டர் உப்பியிருக்கும் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டியிருந்தாள். பார்த்தால் ஒன்று உப்பித்தான் இருந்தது. "பார்த்தீங்களா?" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டு, அதை மாற்றிச் சுவிட்சைப் போட்டாள்.

படம் வந்தது, ஊதியது, அணைந்தது.

ஜெகதீசன் ஆறிப்போன டீயை அவள் பக்கம் நகர்த்தினார். அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது. "வயசான டியூபு அப்படித்தாம்மா ஊதும்" என்று பிறகு மெதுவாகச் சொன்னார். வெளியே லோடு ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது.

தேவா அவளைப் பார்த்தான். "என்னம்மா, கழட்டச் சொல்லிரட்டா?"

அவள் காது மடல்கள் கொதித்தன. திண்டிவனத்தில் கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரின் முகங்களும் வரிசையாக வந்து போயின. ஆனாலும் அந்த டிக், டிக் அவளை விடவில்லை. வயசான டியூப் மங்கும். அது ஏன் சத்தம் போட வேண்டும்?

"ஷட்டர இறக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"இருட்டு வேணும். எல்லாரும் பேசாம இருங்க."

ஷட்டர் இறங்கியது. பட்டப்பகலில் கடை கிணற்றுக்குள் போனதுபோல் ஆனது. அவள் சுவிட்சைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். மழைக்கு முன்னால் மின்னல் வெட்டியதும் வருமே ஒரு வாசனை, அது வந்தது. டியூப்பின் முதுகில், பெரிய மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தை மூடியிருக்கும் ரப்பர் தொப்பியின் அடியிலிருந்து, ஊதா நிறத்தில் நூல்போல ஒரு வெளிச்சம் ஊர்ந்து வெளியே வந்தது. டிக். மறுபடி ஊர்ந்தது. டிக்.

"அம்மாடி!" என்றாள் பாஞ்சாலி.

"ஊதுறது டியூபு இல்லண்ணே" என்றாள் கலைப்பிரியா. குரல் தானாக உயர்ந்தது. "அதுக்குப் போற கரண்டு வழியிலயே கசிஞ்சி போவுது."

சுவிட்சை அணைத்து, ஷட்டரை ஏற்றச் சொன்னாள். நீள ஸ்குரூ டிரைவரில் ஒயரைக் கட்டி மறுமுனையை இரும்புச் சட்டத்தில் மாட்டி, ஒரு கையைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மறுகையால் அதைத் தொப்பியின் அடியில் நுழைத்தாள். தங்கியிருந்த மின்சாரம் சடக்கென்று இறங்கியது. தேவா ஓரடி பின்னால் போனான். தொப்பியைக் கழற்றி டார்ச் அடித்தாள். வெறும் கண்ணாடியாகப் பளபளக்க வேண்டிய இடத்தில், நடுவிரல் அகலத்துக்கு, அழகான மூன்று சந்தனப் பொட்டுகள். நடுவில் குங்குமம்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆயுத பூஜைக்கு நாந்தான் வெச்சேன்" என்றாள் பாஞ்சாலி. அவள் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. "ஊர்ல எல்லாம் வெளிய மட்டும் வெச்சிட்டுப் போயிடுவாளுங்க. நான் உள்ள கதவத் தொறந்து, பன்னீர்ல கொழச்சி, எல்லாத்துக்கும் வெச்சேன். இதுதான் உள்ள இருக்கறதுலயே பெருசு. இதுக்குத் தொப்பியத் தூக்கி மூணு."

"யக்கா! அதத் தொட்டிருந்தா நீயே போட்டோவாயிருப்ப!" தேவா தலையில் அடித்துக்கொண்டான்.

"பூஜைக்கு ரெண்டு நாளா பெட்டிய நிறுத்திதானே வெச்சிருந்த? அங்காளம்மா காப்பாத்தினா."

ஜெகதீசன் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஐப்பசி மழை ஈரத்த சந்தனம் குடிச்சிக்கினு கரண்டுக்கு ரோடு போட்டுக் குடுத்துருக்கு. நானும் மூணு தடவ தொப்பியத் தூக்கிப் பார்த்தேம்மா. பொட்டுதானேன்னு கும்பிட்டுட்டு மூடிட்டேன்."

ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, மஞ்சள் கறை சுத்தமாகப் போகும்வரை துடைத்தாள். காயவிட்டாள். தொப்பியின் உள்பக்கத்தில் தண்ணீர் ஒட்டாத பசையைத் தடவி மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

படம் வந்தது. ஊதவில்லை. கறுப்பு கறுப்பாக இருந்தது, சிவப்பு சிவப்பாக இருந்தது. ரயில் கூரைமேல் திருடர்கள் ஓடி வந்தார்கள். பாஞ்சாலி துப்பாக்கியை உருவி, குறிகூடப் பார்க்காமல், முதல் மூன்று பேரைக் கீழே தள்ளினாள். ஜெகதீசன் எல்சிடியை அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, "டியூப் போகலம்மா. நான் சொன்னது தப்பு" என்றார். கலைப்பிரியா அடக்கமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "அதான் நேத்தே சொன்னேனே" என்றாள்.

அவள் அப்படியே திண்டிவனம் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. லோடு ஆட்டோவில் பெட்டிக்குப் பக்கத்தில், அது ஆடாமல் ஒரு கையால் அணைத்தபடி, மேல்மலையனூர் வரைக்கும் போனாள்.

சாயங்காலம் கோயில் தெருவில் எலுமிச்சம்பழக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவில் பெட்டி நின்றது. வரிசை வளையல் கடையைத் தாண்டிப் போயிற்று. வேப்பிலை செருகிய தலைகள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட அப்பாக்கள், எல்லோர் முகத்திலும் அந்தத் திரையின் நீலம். பெட்டியை ஒட்டி நின்றிருந்த கலைப்பிரியாவால் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? வரிசையில் முன்னால் நின்ற பெரியவரிடம் குனிந்து சொல்லிவிட்டாள்:

"இது நான் ரெடி பண்ணதுங்க."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரிம்மா. கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது."

கலைப்பிரியா சிரித்துக்கொண்டே தள்ளி நின்றாள். திரை முழுசும் தெரிகிற இடமாகப் பார்த்து.