வெறுந்தண்ணீரில் காரீயம்

எங்கள் லேப்பில் ஏசி கிடையாது. தலைக்கு மேல் ஒரு காற்றாடி. சோதனை ஓடும்போது தூசி பறக்குமென்று அதையும் நிறுத்திவிட வேண்டும். 2007 மே மாதம், மதுரை வெயில். கேட்க வேண்டுமா! ஆனாலும் சொல்கிறேன், இன்றைக்குக் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்தப் புழுக்கத்துக்குத்தான் மனசு ஏங்குகிறது.

நானும் உமேஷும் ராஜகுரு சாரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தோம். கார்பன் நானோகுழாயை மையாகக் கரைத்து, பென்சில் மாதிரி இருக்கும் மின்முனையின் நுனியில் பூசுவோம். அதைத் தண்ணீரில் இறக்கினால், உடம்பில் சேரச் சேர விஷமாகிற காரீயம் துளியூண்டு இருந்தாலும் கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கோட்டில் மேடாகக் காட்டிவிடும். சுத்தத் தண்ணீருக்கு மேடே வரக்கூடாது. எனக்கு வராது. உமேஷுக்கு மட்டும் வந்து தொலைத்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா தலைப்பையே மாத்திருவோம்," என்றார் சார்.

மூன்று வருட உழைப்பு. உமேஷ் பீக்கரை அமிலத்தில் ஊறப்போட்டான், மையைப் புதிதாகக் கரைத்தான், சோறு தண்ணி மறந்தான். மேடு அசையவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கையுறை போட்ட விரலால் நெற்றி வேர்வையை வழித்தான். அதே விரலால் மின்முனையை எடுத்தான். பீக்கர் விளிம்பில் சிவப்பாய் ஒரு தடம். எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ!

"ஏய் கூறுகெட்டவனே! இம்புட்டுக் குங்குமத்த அப்பிக்கிட்டு வேலை பாத்தா வெளங்குமா? மொதல்ல போயி மூஞ்சியக் கழுவு!"

கழுவி, கையுறை மாற்றிக்கொண்டு வந்து ஓட்டினான். கோடு சமதரையாய்ப் போனது. "அடப்பாவி!" என்று கத்தி அவன் முதுகில் ஒன்று வைத்தேன். சார்கூட ஓடி வந்து சிரித்தார். எதற்கும் பார்ப்போமென்று அவன் கைக்குட்டையில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் கரைத்து ஓட்டினோம். மேடு திரையைத் தாண்டிப் போய்விட்டது.

"எந்தக் கடைடா இது? ஈயத்த வாரிக் கொட்டியிருக்கான்!" என்றேன்.

உமேஷ் சிரிக்கவில்லை.

"அம்மா தெனம் எனக்கு ஒரு பொட்டுதான் வச்சுவிடுறாங்க, சுபா. அவங்க வகிடு பூரா வைக்கிறாங்க. கல்யாணமான நாள்லருந்து இதே கடைதான்."

மெஷினை நிறுத்தக்கூட இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தான். அந்தச் சமதரைக் கோட்டை நான்தான் பிரிண்ட் எடுத்து அவன் மேசையில் வைத்தேன்.