கீழே வைத்த காப்பி

குதைபா எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து விரல்களில் தேய்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்களில் வெள்ளை சிமென்ட் இறங்கியிருந்தது. தோல் எரிந்தது. வெள்ளை போகவில்லை.

அப்பா குளியலறை வாசலில் வந்து நின்றார். ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். இன்று புதுக் கோட்டு.

"இன்னுமா போகல?"

"போகாது பாபா. தினமும் அதுலதானே கிடக்கு கை."

"யார்கிட்டயும் நீட்டாத. மடியில வெச்சுக்க."

"மாப்பிள்ளை கை குடுக்காம எப்படி?"

"குடுத்துட்டு சட்டுனு எடுத்துரு."

குதைபா சிவில் இஞ்சினியரிங் முடித்தவன். பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரவேற்பறையில் தொங்கியது. தலைநகர் அம்மானில் அவன் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. சில இடங்களில் சம்பளமில்லாமல் வந்து பழகச் சொன்னார்கள். சில இடங்களில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அறைத்தோழனோடு டைல்ஸ் ஒட்டப் போனான். போனவன் அதிலேயே நின்றுவிட்டான்.

அஜ்லூன் மலையிலிருந்த அவர்கள் ஊரில் அப்பா அதைக் 'கம்பெனி' என்று சொல்லிவைத்திருந்தார். அங்கே அவரை இப்போது யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இஞ்சினியரோட அப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

தீமாவுக்கு உண்மை தெரியும். கூடப் படித்தவள். முந்தின நாள் போனில் சொன்னாள்:

"எங்க அப்பாகிட்ட நீயே சொல்லிரு. காப்பியக் குடிக்கறதுக்கு முன்னாடி. குடிச்சப்புறம் தெரிஞ்சா அது ஏமாத்து. ஏமாத்தி வந்தவனோட நான் வர மாட்டேன், குதைபா."

பெண் கேட்டு வரும் கூட்டத்தின் தலைவர் தன் முன்னால் வைத்த காப்பியைத் தொடமாட்டார். கேட்டது கிடைத்த பிறகே குடிப்பார். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் பின்வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு.

தலைவராக அப்பா ஒரு பெரிய மனிதரைப் பிடித்திருந்தார். யாரென்று குதைபாவிடம் சொல்லவில்லை. இர்பித் நகரில் பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. ஓய்வுபெற்ற நீதிபதி அபூ நவ்வாஃப் இறங்கினார். குதைபா சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அம்மானில் அவர் வீட்டுக் குளியலறைக்குப் போன மாதம் டைல்ஸ் ஒட்டியவன் அவன்தான்.

கூடம் நிறைய ஆண்கள். தீமாவின் அண்ணன் ஸுஹைப் காப்பி ஊற்றினான். மருந்தியல் பட்டதாரி. மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறான். வருகிறவர்களுக்குக் காப்பி ஊற்றுவது ஒன்றுதான் அவன் வேலை என்று சித்தப்பாக்கள் கிண்டல் செய்வார்கள்.

நீதிபதி கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

"உங்க மகள் தீமாவை எங்க பையன் இஞ்சினியர் குதைபாவுக்குக் கேட்டு வந்திருக்கோம்."

தீமாவின் அப்பாவை மகன் பெயரால் அபூ ஸுஹைப் என்று கூப்பிடுவார்கள். அவர் தலையசைத்தார். "வந்தவங்களுக்கு மரியாதை. இஞ்சினியர் எந்தக் கம்பெனியில இருக்காரு?"

"பெரிய கம்பெனி" என்றார் குதைபாவின் அப்பா அவசரமாக. "அம்மான்ல."

நீதிபதி திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த கைகளைப் பார்த்தார். பார்வை அங்கே சற்று நின்றது.

"நல்ல கம்பெனி" என்றார். "எனக்கே தெரியும்."

காப்பாற்றிவிட்டார். குதைபாவின் காது சுட்டது.

"அப்ப சரி" என்றார் அபூ ஸுஹைப். "காப்பியக் குடிங்க."

நீதிபதி குனிந்து கோப்பையை எடுத்தார்.

"குடிக்காதீங்க."

சொன்னது மாப்பிள்ளை. இந்தச் சபையில் மாப்பிள்ளை வாய் திறப்பதில்லை. யாரோ இருமினார்கள். அப்பா அவன் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

குதைபா எழுந்துவிட்டான். "எனக்குக் கம்பெனி இல்ல மாமா. நான் டைல்ஸ் ஒட்டறேன். ஐயா வீட்டுக்கும் நான்தான் ஒட்டினேன். அவர் என் மானத்தக் காப்பாத்தப் பார்த்தாரு."

நீதிபதி கோப்பையைத் திரும்பக் கீழே வைத்தார்.

அபூ ஸுஹைப் குதைபாவின் அப்பாவிடம் கேட்டார். "ஏன் மறைச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "இஞ்சினியர்னு சொன்னாத்தான் கதவத் திறப்பீங்கன்னு நினைச்சேன்."

"வேற எதைச் சொல்லியிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். உண்மைதான்." அபூ ஸுஹைப் குதைபாவிடம் திரும்பினார். "அஞ்சு வருஷம் படிச்சியே. வீண்னு தோணுதா?"

"வீண்னு சொல்ல மாட்டேன் மாமா. தீமாவ அங்கதான் பார்த்தேன்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பு முன்வரிசைக்கும் வந்தது. அபூ ஸுஹைப் சிரிக்கவில்லை.

"விளையாடாத. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒரு சுவர் எதனால நிக்குதுன்னு எனக்குத் தெரியும். அது படிப்பு குடுத்தது. அதே படிப்பு வேலையும் குடுக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அது குடுக்கல. எனக்குப் படிப்பு மேல கோபம் இல்ல. ஊருக்குப் போனா கையை மறைக்க வேண்டியிருக்கு. அதுதான் தாங்கல."

ஸுஹைப் காப்பிக் கெண்டியோடு சுவரோரம் நின்றிருந்தான். அபூ ஸுஹைப் அவனை வெகுநேரம் பார்த்தார்.

"இவனைப் பேக்கரியில கணக்குப் பார்க்கக் கூப்பிட்டாங்க" என்றார், சபைக்குப் பொதுவாக. "போறேன்னுதான் சொன்னான். மருந்தியல் படிச்சவன் ரொட்டிக் கடையிலயா, பேரு கெட்டுரும்னு நான்தான் தடுத்தேன். அன்னைக்கு உக்காந்தவன் இன்னும் உக்காந்திருக்கான்."

ஸுஹைப் தலை நிமிரவில்லை. அவன் அப்பா தொடர்ந்தார்.

"படிப்பு அறிவைக் குடுக்கும். வேலைக்கு அது பதில் சொல்லாது. அந்தக் காகிதத்த வெச்சு மனுஷன எடை போட்டது நாமதான். அதனாலதான் ஒருத்தன் பொய் சொல்றான், இன்னொருத்தன் வீட்டுல முடங்கறான். பிள்ளைங்கள நல்லாப் படிக்க வைப்போம். ஆனா எந்த வேலை செஞ்சாலும் அதை வாய்விட்டுச் சொல்ற தைரியத்தையும் சேர்த்துக் குடுக்கணும். அத நாம குடுக்கல."

அபூ ஸுஹைப் குனிந்து நீதிபதியின் கோப்பையைத் தொட்டார்.

"ஸுஹைப், அது ஆறிப்போச்சு. கொட்டிட்டு சூடா ஊத்து." அவர் நீதிபதியைப் பார்த்தார். "ஐயா, இந்தத் தடவ உள்ளது உள்ளபடி கேளுங்க."

நீதிபதி மறுபடி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க மகள் தீமாவை எங்க பையன் குதைபாவுக்குக் கேக்கறோம். இஞ்சினியரிங் படிச்சவன். டைல்ஸ் ஒட்டறான்." சற்று நிறுத்தினார். "நல்லா ஒட்டறான்."

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"குடிங்க" என்றார் அபூ ஸுஹைப்.

நீதிபதி குடித்தார். எல்லோரும் கைகுலுக்க எழுந்தார்கள். குதைபா தன் கையை நீட்டினான். அப்பா அதை இழுக்கவில்லை.