பச்சைத் தவளை

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. ஓர் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் மிதக்க வேண்டிய ஒரு மரத்துண்டின் கதை சொல்கிறேன். சிரிக்க வைக்கிற கதை இல்லை. இருந்தாலும் கேளுங்கள்.

அவரை எல்லாரும் பொய்மீன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர்மேல் மிதந்து, நூலைச் சுண்டி இழுத்தால் 'களக்' என்று வாயால் சத்தம் போட்டு, பெரிய மீன்களை ஏமாற்றுகிற பொய் இரைகளைப் பழுதுபார்ப்பவர். துருவேறிய கொக்கியை மாற்றுவார், மீன் கடித்த பள்ளத்தை அடைப்பார், வாளித் தண்ணீரில் விட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகே கொடுப்பார்.

மனைவி செத்த காலையில் அவர் ஏரியில் இருந்தார். மணி அடித்தால் மீன் கலைந்துவிடும் என்று போனை அணைத்துத் தூண்டில் பெட்டிக்குள் போட்டிருந்தார். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்ததும் புருஷன் வீட்டுக்குப் போனவள்தான். அதற்குப் பிறகு அப்பாவோடு பேச்சே இல்லை. அவரும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை.

வருஷங்கள் கழித்து அவருடைய அக்கா சேதி கொண்டுவந்தாள்.

"ஞாயித்துக்கிழமை உன் மக வர்றாளாம்டா. வீட்டுக்குள்ள வரமாட்டாளாம். ஏரிக்கரைக்கு வர்றாளாம்."

"எதுக்காம்?"

"குடும்பத்தோட வெளிநாட்டுக்கே போறாங்க. இனி திரும்பி வர்றதா இல்ல. பச்சைத் தவளைய எடுத்துட்டு வரச் சொன்னா." வாசல்வரை போனவள் திரும்பினாள். "மீனுக்கிட்ட எல்லாம் நைசா பேசத் தெரியுது உனக்கு. மனுஷங்கன்னா மட்டும் நாக்கு ஒட்டிக்குது."

பச்சைத் தவளை அந்தப் பெட்டியில் கிடந்த ஒரு மரப் பொய் இரை. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பாவும் மகளும் சண்டை போட்டால் கரையில் உட்கார்ந்து அதை வீசுவார்கள். அது 'களக்' என்றதும், கோபித்துக்கொண்டவர் வாய் திறந்தாக வேண்டும். அதற்குமேல் முறைப்பு கூடாது. செதுக்கியது அவர். பல் விழுந்த வயதில் வண்ணம் பூசியது அவள். ஒரு கண் பெரிசு, ஒரு கண் கடுகு மாதிரி.

பெட்டியைத் திறந்தார். கூரை ஒழுகி உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. வார்னிஷ் வெடித்து, நூல் கட்டுகிற மூக்குத் திருகின் வழியாக ஈரம் இறங்கி, தவளை கல்லாய்க் கனத்தது. வேறு யாருடையதாக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டார். வண்ணத்தை முழுக்கச் சுரண்டி, கட்டையை நன்றாகக் காயவைத்து, புதிதாகப் பூசியிருப்பார். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசிவிட்டு வருகிறவர்களை எத்தனை திட்டியிருப்பார். உப்புத்தாளை எடுத்து அந்தக் கடுகுக் கண்ணின்மேல் வைத்தார். கை நகரவில்லை.

துணியால் துடைத்து வெயிலில் வைத்தார். புதுக் கொக்கி மாட்டினார். வெடிப்பின்மேலேயே வார்னிஷ் பூசினார். வாளியில் மட்டும் விட்டுப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

ஞாயிறன்று மருமகன் மேட்டில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். மகள் மட்டும் இறங்கி வந்தாள். அவள் அம்மா போலவே தோளைச் சாய்த்து நடந்தாள்.

"அம்மாடி, அன்னிக்கு நான்..."

"வேணாம்ப்பா. அது சத்தம் போடட்டும்."

அவளே வீசினாள். சுண்டி இழுத்தாள். தவளை ஒருக்களித்துப் படுத்தது, வாய் தண்ணீருக்கடியில். செத்த இலை மாதிரி இழுபட்டு வந்தது. மறுபடி வீசினாள். மறுபடியும். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வதை அவர் பார்த்தார். அவளுக்கும் ஆசைதான், கண்ணுகளா. அதைப் பார்த்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"சுரண்டிட்டுப் பூசியிருக்கலாமேப்பா."

"நீ போட்ட கண்ணும்மா. மனசு வரல."

"நான் கண்ணைப் பாக்கவா வந்தேன்?"

நூலைச் சுற்றினாள். முடிச்சை அவிழ்த்துத் தவளையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "உடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். மேட்டில் ஏறினாள்.

கூப்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். தவளையின் மூன்று முள் கொக்கி சட்டைக் கையில் மாட்டிக்கொண்டது. ஒரு முள்ளை எடுத்தால் அடுத்தது ஏறியது. அதைப் பிடுங்கினால் முதலாவது மறுபடி துணியைக் கவ்வியது. ஆயிரம் கொக்கி கழற்றிய விரல்களுக்கு இந்த ஒன்று சீக்கிரம் கழலவில்லை. கடைசி முள் கழன்று நிமிர்ந்தபோது, மேட்டில் கார் கிளப்பிய புழுதிகூட அடங்கியிருந்தது.

உங்கள் வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டால், அன்றைக்கு அடுப்பு அணைவதற்குள் ஒருவர் வாயைத் திறக்கட்டும், மற்றவர் காதைத் திறக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்கள்.