கலெக்டருக்கு மெடிக்கல் லீவு

...கரப்பான் என்றால் சாதாரணக் கரப்பானா அது, சமையற்கட்டு அலமாரிக்குப் பின்னால் மூன்று தலைமுறையாகக் குடியிருந்து, அருள்செல்வி செய்து ஒளித்துவைக்கும் அதிரசத்தையெல்லாம் தின்று கொழுத்து, எழுந்து நின்றால் ஒரு சாண் இருக்கும், அப்பேர்ப்பட்ட ஒன்றைத் துடைப்பமும் கையுமாக அரை மணி நேரம் துரத்திப் பிடித்து, ஒரு மீசை ஒடியாமல் மரியாதையாகக் கொண்டுவந்து மூக்கு நுனியில் விட்டால், கலெக்டர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மூன்றாவது நாள். வெள்ளி, சனி, இன்றைக்கு ஞாயிறு... பிளாஸ்டிக் பேசினுக்குள் அந்தக் கரப்பான் கலெக்டரின் முதுகிலேயே ஏறி, பட்டா வாங்கிவிட்டவனைப் போல உட்கார்ந்து மீசையை ஆட்டியது. பெரியநாயகசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு. பத்து மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஷீபா போன் செய்வாள், முதல் கேள்வியே அப்பா எப்படி இருக்கீங்க என்பதல்ல, கலெக்டர் எப்படி இருக்காரு என்பதுதான், அதற்கு என்ன சொல்வது, கலெக்டர் இருக்காரும்மா, இருக்காரு என்றுதான் நினைக்கிறேன், கரப்பான் மேலே உட்கார்ந்திருக்கிறது என்றா?

முப்பத்தோரு வருடம் தாலுகா ஆபீஸ், கடைசி ஒன்பது வருடம் ஹெட் கிளார்க், எத்தனை கலெக்டர்களை இறக்கி ஏற்றியாயிற்று, ஜமாபந்திக்கு வந்து இறங்கும்போது ஜீப் கதவைத் திறந்துவிட்டே இவருடைய வலது தோள் இறங்கிப்போய்விட்டது (மனைவி அருள்செல்வி அதை நம்புவதில்லை), அவர்களில் ஒருவராவது இவர் கையால் வாங்கித் தின்றதுண்டா? இந்தக் கலெக்டர் தின்பார். உள்ளங்கையை நீட்டினால் போதும், நாக்கு வருவதும் தெரியாது போவதும் தெரியாது, கரப்பான் மட்டும் இருக்காது. ஷீபா கும்பகோணத்தில் விலங்கியல் படித்தபோது, கடைசிப் பிராக்டிகல் பரீட்சை அன்று அறுத்துப் பார்க்க வைத்திருந்த தவளைகளில் மிஞ்சிய இரண்டை டிபன் கேரியரின் மேலடுக்கில் ஒன்றும் கீழடுக்கில் ஒன்றுமாகப் போட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சாம்பார் என்று நினைத்துத் திறந்த அருள்செல்வி கூச்சல் போட்டதில் நீடாமங்கலம் ஸ்டேஷனில் நின்ற பாசஞ்சர் சிக்னல் விழாமலேயே புறப்பட்டுவிட்டது. பெரியது கலெக்டர், சின்னது தாசில்தார், பெயர் வைத்தது இவர்தான், ரிட்டையர் ஆன ஒரு மனுஷனுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும், இரண்டு பேரும் கண்ணாடித் தொட்டிக்குள், சாவி இவர் கையில்!

ஆனால் இப்போது... ஷீபா லேப் டெக்னீஷியன் வேலைக்கு விமானம் ஏறும்போது ஒரு நோட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். உடம்பு சரியில்லை என்று தோன்றினால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. தீனி எடுக்கவில்லையா, பார்த்தாயிற்று, எடுக்கவில்லை. கண்ணில் பூ விழுந்தது போல இருக்கிறதா, இல்லை, கண்கள் பித்தளைக் குமிழ் மாதிரி நன்றாகத்தான் இருக்கின்றன. தோல் மங்கியிருக்கிறதா, ஐயோ, மங்கியா இருக்கிறது, பழைய பாலிதீன் பையைப் போர்த்தியது போல இருக்கிறது. வயிறும் தொடையும் உள்பக்கம் சிவந்திருக்கின்றனவா, இவர் சவரக் கண்ணாடியைப் பேசினுக்கு அடியில் பிடித்துப் பார்த்தார், பேசின் சிவப்பு, அதில் எதைப் பார்த்தாலும் சிவப்புதான், பிறகு கையை நனைத்துக்கொண்டு, உலர்ந்த கையால் தொடக் கூடாது என்று கோடு போட்டு எழுதியிருந்தாள், தூக்கிப் பார்த்தார், வெள்ளைதான், அப்பாடா. மல்லாக்கப் போட்டால் புரண்டு எழுகிறதா? எழுந்தது. ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட் திறப்பதற்குள் எழுந்தாலே பெரிது என்கிற வேகத்தில் எழுந்தது. முந்தாநாளே கலெக்டரைத் தனியாக எடுத்து மெடிக்கல் லீவில் பேசினுக்கு அனுப்பியாயிற்று, தொட்டிக்குத் தாசில்தார் பொறுப்பு, அவர் இரண்டு பேர் பங்கையும் தின்றுவிட்டு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் காரணம் யார்? சொல்லிவிடலாம், பக்கத்தில் யாரும் இல்லாதபோது மனசுக்குள் சொல்வதில் என்ன... வியாழக்கிழமை தொட்டித் தண்ணீரை மாற்றினார். ஐப்பசி மழையில் ஊரெல்லாம் வெள்ளம், அதனால் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கொட்டியிருந்தார்கள் போலிருக்கிறது, குழாயைத் திறந்தால் மூக்கு எரிந்தது. குழாய்த் தண்ணீரை அண்டாவில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது. டி.வி.யில் கிரிக்கெட், கடைசி எட்டு ஓவர். ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும் என்று நேராகப் பிடித்து ஊற்றினார். தாசில்தார் சாமர்த்தியசாலி, தண்ணீரில் இறங்காமல் செங்கல் மேலேயே உட்கார்ந்துகொண்டார், கலெக்டர்தான் நேர்மையாக உள்ளே முங்கினார். அந்த எட்டு ஓவரில் ஆட்டமும் தோற்றது.

நேற்று மழையோடு பஸ் ஏறிக் கும்பகோணத்தில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் லியாகத் அலியிடம் போய் நின்றார். அவன் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். “சார், மீனுன்னா சொல்லுங்க, கல்லுப்பு போடுவேன், நீல மருந்து போடுவேன். தவளைக்கு நான் என்னத்தக் கண்டேன்? கண்டதையும் ஊத்தி வைக்காதீங்க. நல்ல தண்ணியில தனியா விடுங்க, நிமிசத்துக்கு ஒரு வாட்டி தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க, அதுக்கே அதுக்கு நோவு வந்துரும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இல்லன்னா ஒண்ணு செய்ங்க, ஒங்க வீட்டச் சுத்தி வயல்ல ரெண்டு லட்சம் கத்திக்கிட்டுக் கெடக்கு, அதுல ஒண்ணப் புடிச்சு உள்ள போட்டுருங்க. அதுக்கென்ன ரேசன் கார்டா இருக்கு, பொண்ணு வந்து சரிபாக்க?” சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் பஸ்ஸில் வரும்போதெல்லாம் இரண்டு பக்கமும் வயலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார், பொய் சொல்லக் கூடாது, வலங்கைமான் தாண்டும்போது வாய்க்கால் மதகின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது, அதே அகலம், அதே அலட்சியம், புதுக் கலெக்டர் டிரான்ஸ்பரில் வந்து சார்ஜ் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டால் என்ன... சீ. டிபன் கேரியரில் வந்த கலெக்டர் ஒருவர்தான்.

அருள்செல்வி எட்டரைப் பூசைக்குக் குடையோடு வாசலில் நின்றாள். “நீங்க வரலியா?” “கலெக்டர இப்பிடி விட்டுட்டு வரச் சொல்றியா, அருளு?” அவள் செருப்பை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். “இந்தாங்க, ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது. நேத்து சாயந்தரம் வேளாங்கண்ணி மாதா எண்ண இருந்துச்சுல்ல, அதத் தொட்டு நெத்தியில சிலுவ போட்டேன்.” “யார் நெத்தியில?” “கலெக்டர் நெத்தியிலதான்.” “தவளைக்கு நெத்தி ஏதுடி?” “ரெண்டு கண்ணுக்கும் நடுவால. அப்புறம் தோலெல்லாம் வறண்டு கெடந்துச்சா, பாவமா இருந்துச்சு, முதுகெல்லாம் லேசாத் தடவுனேன்... ஒங்களுக்கு இடுப்பு புடிச்சப்ப அந்த எண்ணதான கேட்டுச்சு?” சொல்லிவிட்டு இரண்டே எட்டில் தெருவைக் கடந்துவிட்டாள், அறுபது வயதில் அப்படி ஒரு ஓட்டம். இவர் நோட்டைப் புரட்டினார், நாலாம் பக்கம், தவளை தோலாலும் மூச்சு விடும், சோப்பு, பவுடர், எண்ணெய் பட்ட கையால் தொடவே கூடாது... தொடவே கூடாதாம்! இங்கே சாகக் கிடப்பவருக்குச் செய்கிற அவஸ்தைப் பூசுதலே முழுசாக நடந்து முடிந்திருக்கிறது, சாமியார் வந்து ஜெபம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

முற்றத்தில் அண்டா நிறைய மழைத் தண்ணீர். வானத்திலிருந்து நேராக வந்தது, பஞ்சாயத்து கை படாதது. முதலில் அந்தக் கரப்பானைப் பதவி நீக்கம் செய்தார். கையை வெறும் தண்ணீரில் நாலு தடவை கழுவி, நனைந்த கையோடே கலெக்டரை ஏந்தி, சின்னச் சொம்பால் முதுகில் மெல்ல ஊற்றினார், தேய்க்கவில்லை, தேய்க்கலாமா கூடாதா என்று ஷீபா எழுதவில்லை, ஊற்றினார், பேசின் தண்ணீரில் வானவில் போல எண்ணெய் மிதந்தது, கொட்டினார், மறுபடி ஊற்றினார், நூறு பேசின் இருக்கும், சரி, ஏழு பேசின், இடுப்பு ஒடிந்தது. ஷீபா பிறந்த அன்றைக்குக்கூட இவரிடம் இப்படிக் குளிப்பாட்டக் கொடுக்கவில்லை, உன் கை மண்வெட்டி மாதிரி இருக்கிறது என்று பிடுங்கிக்கொண்டார்கள், இப்போது பார், இந்த மண்வெட்டிக் கையில் ஒரு கலெக்டர் அசையாமல் இருக்கிறார், தொண்டை மட்டும் படபடவென்று துடிக்கிறது, அது துடிக்கிறவரைக்கும் பரவாயில்லை, துடிக்கட்டும், துடித்துக்கொண்டே இருக்கட்டும்... வெளியே வயல் முழுக்கக் கத்துகிறது, இரண்டு லட்சமும் ஓசியில் ஆரோக்கியமாக இருக்கின்றன, ஒன்றுக்குக்கூட வேளாங்கண்ணி எண்ணெய் தேவைப்படவில்லை.

சுத்தமான தண்ணீர் இரண்டு விரற்கடை விட்டு, ஈரத் துணியை ஒரு பக்கம் சுருட்டிப் போட்டு, கலெக்டரை இறக்கிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தொடக் கூடாது, லியாகத் அலி சொல்லியிருக்கிறான். கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பத்து நிமிடம். கலெக்டர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார், கொட்டாவியா, மூச்சு முட்டலா? முதுகைக் கூன் போட்டார், உடம்பு பலூன் போல ஊதியது, கண் இரண்டும் உள்ளே போய்விட்டன, ஐயோ, போச்சு, இயேசு மரி சூசையே, சிலுவை போட இவர் கையை எடுத்த அந்த நேரத்தில், கலெக்டர் பின்னங்காலைத் தூக்கி முதுகைச் சொறிந்தார். அந்தப் பாலிதீன் பை முதுகில் கிழிந்தது. ஒரு காலால் இந்தப் பக்கம், ஒரு காலால் அந்தப் பக்கம், வேர்வையில் ஒட்டிய பனியனைத் தலைவழியே கழற்றுகிற ஆள் மாதிரி இழுத்து இழுத்து, முன்னங்காலால் வாய்க்குள் திணித்து, கண்ணை மூடிக்கொண்டு, மென்று, விழுங்கி... தன் சட்டையைத் தானே கழற்றித் தானே சாப்பிட்டுவிட்டார்! உள்ளிருந்து வந்த தோல், அடடா, நாற்று நட்டு இருபதாம் நாள் வயலின் பச்சை, நடுவில் வரப்பு போட்டது போல மஞ்சள் கோடு. பெரியநாயகசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு முற்றத்து மழையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். ஓரத்துச் சிமெண்டில் வழுக்கியது. தூணைப் பிடித்துக்கொண்டும் ஆடினார்.

பூசை முடிந்து வந்த அருள்செல்வி பேசினுக்குள் பார்த்தாள். “பாத்தீங்களா? மாதா கைவிடுவாளா?” “மாதாவும் இல்ல கீதாவும் இல்ல, மழத்தண்ணி! ஏழு பேசின் ஊத்துனேன், என் இடுப்பக் கேளு.” “இடுப்புக்கு எண்ண இருக்கு, தடவவா?” பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. வழக்கமாக இரண்டாவது மணிக்கு எடுப்பவர் ஐந்தாவது மணிவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் விஷயத்தைச் சொல்வதா? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும், கலெக்டர்தான் எழுந்துவிட்டாரே...

“அப்பா, கலெக்டர் எப்படி இருக்காரு?” சொன்னார். மூன்று நாள் பட்டினி, மங்கிய தோல், சட்டை கழற்றிய கதை, ஒரு வார்த்தை கூட்டாமல், இதற்குக் கூட்ட வேண்டிய தேவையே இல்லையே, உலகத்தில் யாராவது நம்புவார்களா இதை? அவள் சாதாரணமாக, “தோல் உரிச்சிருக்குப்பா. எல்லாத் தவளையும் உரிக்கும், உரிச்சதத் தின்னுடும். பதினோராம் பக்கத்துல எழுதியிருக்கேனே, படிக்கலையா?” எட்டோடு நிறுத்தியிருந்தார். “ஆனா மூணு நாள் சாப்பிடாம இருந்தது வேற விஷயம். தண்ணி ஒரு நாள் வச்சுட்டுத்தான ஊத்துனீங்க?” அருள்செல்வி பக்கத்தில் நின்று எண்ணெயைச் சொல்லாதீர்கள் என்று கண்ணால் கும்பிட்டாள். “இல்லம்மா. நேராப் புடிச்சு ஊத்திட்டேன். என் தப்புதான்.” அந்தப் பக்கம் சிரிப்பு, கடல் தாண்டி, கம்பி வழியாக, காதே கூசுகிற சிரிப்பு. “என் தப்புன்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லையேப்பா, ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா? சரி, ரெண்டு நாள் தனியாவே இருக்கட்டும், மழத் தண்ணியே ஊத்துங்க, வயிறு சிவந்தா மட்டும் ஒடனே லெட்டர் போடாம போன் பண்ணுங்க.”

“நீ எப்படிம்மா இருக்க? புது ரூமு?” “சூப்பர்ப்பா! எவ்வளவு பெரிசுன்னா, கட்டில்லேர்ந்து எறங்கி ஜன்னலுக்குப் போக ஆட்டோ புடிக்கணும். வழியில எறங்கி ஒரு டீ குடிச்சுட்டுத்தான் போறேன்.” அவர் விழுந்து விழுந்து சிரித்தார், என் ரத்தம்டா இது, கேள் அருளு, டீ குடித்துவிட்டுப் போகிறாளாம், சிரித்து முடித்து ரிசீவரை அருள்செல்வியிடம் நீட்டுவதற்குள், “போன் கார்டு முடியப் போவுதுப்பா, அம்மாகிட்ட” என்பதோடு பேச்சு அறுந்தது.

அருள்செல்வி வெறும் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். “எண்ணெயச் சொல்லல, நல்ல மனுசன்” என்றவள், உடனே, “ரூமு எப்படியாம்? பெருசா?” என்றாள். “பெருசாம்” என்றார், உற்சாகமாகத்தான் சொன்னார், ஆட்டோ, டீ, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன, அந்தப் பேச்சு இவருடைய பேச்சேதான், இவர் வாயிலிருந்து கழன்று அவள் வாயில் போய் உட்கார்ந்தது, இவரானால் எப்போது அப்படிப் பேசுவார்... சந்தோஷத்தில் பேசுவார், இன்றைக்குப் போல. பேசுவார்தான். ஆனால் வேறு சமயத்திலும் பேசியிருக்கிறாரே, இடுப்பு பிடித்துப் படுத்த அன்றைக்கு அருள்செல்வியிடம், பத்து மைல் ஓடிவிட்டு வரட்டுமா என்று... இது எது, சந்தோஷப் பேச்சா, வலிப் பேச்சா? குரலில் எந்தப் பக்கம் பார்த்தால் தெரியும்? தண்ணீருக்குள் கலெக்டர் புதுத் தோலோடு ஒரு முறை கத்தினார், மூன்று நாளுக்குப் பிறகு முதல் சத்தம், வீடே கணீரென்றது, இருவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். “சொல்லுங்க, எம்மாம் பெருசாம்?” என்றாள் அருள்செல்வி மறுபடி. அவர் காட்டுவதற்காகக் கைகள் இரண்டையும் விரித்தார், விரித்தவை எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல்...