எங்கள் வீட்டு உதடு

எழுபத்தைந்தாம் ஆண்டு என் பேரன் மேலுதடு பிளந்து பிறந்தான். வயிற்றுப் பிள்ளையோடு கிரகணத்தன்று மருமகள் பூவாயி மீன் அரிந்ததுதான் காரணம் என்று குப்பத்தில் நானே சொன்னேன். அவள் தலை குனிந்தபடியே நடந்தாள். என் மகள் சகுந்தலாவுக்குப் பாக்கு மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்தோம். குப்பத்துக்குத் தலைவனான நாட்டார் நான்; என் ரத்தத்தின்மேல் பழி விழக்கூடாது.

ஆனால் சம்பந்தியாக வரவிருந்த சடையன், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்து நின்றார்.

“கிரகணமோ வம்சமோ, டாக்டர் வாயால கேட்டுகினு பாக்கு மாத்தலாம் நாட்டாரே.”

மறுத்தால் சந்தேகம் வரும். மாமல்லபுரத்தில் பஸ் ஏறிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

சடையனை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நானும் பூவாயியும் குழந்தையோடு உள்ளே போனோம். டாக்டரம்மா பிளந்த மேலுதட்டை அதிகம் பார்க்கவில்லை. கீழுதட்டை விரலால் மெல்ல இழுத்தார். ஊசி குத்தியதுபோல் இரண்டு சின்னக் குழிகள்.

“இது வேற யாருக்கு இருக்கு?”

எனக்குத் தலை நிமிர்ந்தது. “எனக்கு, என் நைனாவுக்கு, மகனுக்கு, மகளுக்கு. அத்தப் பார்த்துதான் எங்க வூட்டுப் புள்ளன்னு ஊரே சொல்லும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “உதடு மட்டும் பிளந்திருந்தா, பெரும்பாலும் அந்தக் குழந்தையோட நின்னுடும். இந்தக் குழியோட சேர்ந்து வந்தா, அது வம்சத்துல வர்றது. குழி இருக்கிறவங்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வரலாம். சிலருக்குக் குழியோட நிக்கும், சிலருக்கு உதடு பிளக்கும்.”

“கிரகணம்?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உதட்டைத் தைச்சுடலாம், பயப்படாதீங்க.”

பூவாயி முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். “வெளிய அவுரு கேப்பாரு. இன்னா சொல்லப் போறீங்க மாமா?”

“நீ வாய மூடிகினு வா.”

சடையன் பீடியை எறிந்துவிட்டு எழுந்தார். “இன்னா நாட்டாரே, மூஞ்சி பேயறைஞ்சாப்பல கீது? மருமக வெட்டுன மீன்தானே?” என்று சிரித்தார்.

ஆமாம் என்றால் போதும், நாளைக்கே பாக்கு மாற்றலாம். பிறகு சகுந்தலாவுக்கு இப்படி ஒரு பிள்ளை பிறந்தால்? அவள் எதை வெட்டினாள் என்று அந்த வீட்டில் சொல்வார்கள்?

“மீனும் இல்ல, கிரகணமும் இல்ல. எங்க ரத்தம். சகுந்தலாவுக்கும் கீது.”

சடையனின் சிரிப்பு நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டார். “வூட்ல கேட்டுச் சொல்லி அனுப்பறேன்.”

திரும்பும்போது அவர் எங்களோடு பஸ் ஏறவில்லை. பூவாயி சங்கால் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டே வந்தாள். குப்பம் நெருங்க நெருங்க, வாசலில் நிற்கப்போகும் சகுந்தலாவிடம் முதலில் எதைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.