கனத்த ஒலிக்கு ஒரு தனிப்பெட்டி

ஞாயிறுதோறும் மாதா கோவிலில் பூசை முடிந்து வீடு திரும்பியதும் சகாயநாதன் கோட்டைக் கழற்ற மாட்டார். கைகளைச் சோப்பிட்டுக் கழுவித் துடைப்பார். கூடத்து அலமாரியைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த இசைத்தட்டை எடுப்பார். ரேடியோகிராமில் புது ஊசி பொருத்தி, அந்தத் தட்டை ஒரே ஒரு முறை ஓட விடுவார். முடிந்ததும் பட்டுத் துணியில் சுற்றி, இருந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மறுமுறை போடுவதில்லை.

அதில் பாடியிருந்தவர் அவருடைய மனைவி அற்புதமேரி. மாதாவின் மேல் தாமே மெட்டமைத்த பாட்டு ஒன்றை அவர் பாட, பெங்களூரிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு வந்த ஒருவர், இவர்கள் வீட்டிலேயே அதைத் தட்டில் வெட்டிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அற்புதமேரி இறந்துபோனார். அந்தத் தட்டு கடைகளில் கிடைப்பதைப் போலக் கெட்டியானது அன்று. அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் போன்றதொரு மென்பூச்சு. ஊசி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சு சிறிது தேயும். எனவேதான் அவருக்கு அத்தனை சிக்கனம்.

ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில், மாந்தோப்பின் நடுவே இருந்தது அவருடைய வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டின் கோடையில் பெங்களூர் நண்பர் ஒருவரின் வீட்டில் புதுமுறை ஒலிக்கருவி ஒன்றை அவர் கேட்டார். பாடுகிறவர் எதிரில் நிற்பது போலிருந்தது. தம்முடைய ரேடியோகிராமில் மனைவியின் குரல் சளி பிடித்தவள் பாடுவது போல ஒலிப்பதை அதன் பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை. அதே கருவியைத் தம் வீட்டிலும் அமைத்துத் தருமாறு, பெங்களூர்க் கண்டோன்மெண்டில் ரேடியோக் கடை வைத்திருந்த பாக்கியராஜை வரவழைத்தார்.

பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. பல ஆண்டுகளாக அந்த வீட்டில் சமையல் செய்துவந்த பவுலினா, இடுப்பில் கை வைத்தபடி அவற்றைப் பார்த்தாள்.

"ஒரு பாட்டு கேக்க இத்தனை பொட்டியா? எங்கக்காவக் கட்டிக் குடுத்தப்பகூட இத்தனை பொட்டி போவலியே!"

"உங்கக்கா பாடுவாங்களாம்மா?" என்றார் பாக்கியராஜ்.

"பாடுவா. எங்க மாமா காதப் பொத்திக்குவாரு."

சகாயநாதனுக்குச் சிரிப்பு வந்தது. "ரேடியோகிராமில் ஓர் ஆம்ப்ளிபயர்தானே இருக்கிறது? இதில் எதற்கு இரண்டு?" என்று கேட்டார்.

"ஒரே மாட்ட ஏர்லயும் கட்டி, அதே நேரத்துல கவலையிலயும் கட்டித் தண்ணி எறச்சா என்ன சார் ஆவும்? ரெண்டு வேலையும் அரகொறதான். இங்க மாடு ரெண்டு. கனத்த சத்தத்துக்கு ஒண்ணு, மெல்லிசு சத்தத்துக்கு ஒண்ணு. நடுவுல இந்தச் சின்னப் பொட்டி நின்னுகினு, நீ அந்தப் பக்கம் போ, நீ இந்தப் பக்கம் போன்னு பிரிச்சு வுடும். அதது வேலைய அதது பாக்கும்."

மாலைக்குள் வேலை முடிந்தது. கூடத்தின் மூலையில் ஆளுயரப் பெட்டி ஒன்று கனத்த ஒலிக்காக நின்றது. அதன் தலைமேல் மெல்லிய ஒலிக்கான சிறு பெட்டி. ஆம்ப்ளிபயர்களின் கண்ணாடி வால்வுகள் சிவந்து சூடேறின. அன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல. இருந்தும் சகாயநாதன் கை கழுவிவிட்டு வந்து தட்டை எடுத்தார்.

அற்புதமேரி பாடினார். குரல் பெட்டியிலிருந்து வரவில்லை; கூடத்தின் நடுவில், தரையிலிருந்து ஒரு பெண்ணின் வாயுயரத்தில் அது நின்றது. பாட்டின் நடுவே ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்தி அவர் மூச்செடுக்கும் இடத்தில் உதடு பிரியும் ஓசைகூடக் கேட்டது. பவுலினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

உடனே அவள் தலையைத் திருப்பினாள். "ஐயா, யாரோ கதவத் தட்றாங்க."

சகாயநாதனுக்கும் கேட்டது. கூடத்தை ஒட்டிய கிடங்கின் பின்கதவு. மந்தமான, அவசரமான தட்டல். பவுலினா போய்த் தாழை நீக்கித் திறந்தாள். மாவடியில் வெயில் சாய்ந்திருந்தது. கோணிகள் அடுக்கியபடி இருந்தன. ஒருவரும் இல்லை. திரும்பி வந்தபோது தட்டல் முன்னிலும் பலமாகக் கேட்டது.

பாக்கியராஜ் வால்வுகளை மாற்றிப் பார்த்தார். வேறு தட்டுகளைப் போட்டார். அவை பழுதின்றி ஒலித்தன. மீண்டும் அற்புதமேரியின் தட்டை வைத்து, இம்முறை மெல்லிய ஒலிக்கான ஆம்ப்ளிபயரை மட்டும் அணைத்தார்.

குரல் கிணற்றுக்குள் இறங்குவது போல அமிழ்ந்து மங்கியது. தட்டல் மட்டும் தெளிவாக நின்றது. முதலில் உள்ளங்கையின் தட்டல். சிறு இடைவெளி. பிறகு கல்லால் இடிப்பது போன்ற கனத்த ஒலி, மீண்டும் மீண்டும்.

"மிஷின்ல ஒண்ணும் இல்ல சார். தட்டுலயே இருக்குது. பழைய ரேடியோகிராமுக்கு இந்தக் கனத்த சத்தம் எட்டல. அம்மா பாடச்சொல்ல யாரோ கதவ இடிச்சிருக்காங்க."

"யாரும் தட்டவில்லை," என்றார் சகாயநாதன், கேட்காத கேள்விக்கு விடை சொல்பவர் போல. "சன்னல் கதவிலெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தோம். வெளிச்சத்தம் உள்ளே வரவே வராது."

"கம்பளி மெல்லிசு சத்தத்தக் குடிச்சிடும் சார். வெளிய நின்னு கத்துனா கேக்காது. ஆனா கதவ இடிக்கிறது கம்பளிக்கு அடங்காது. மைக்கு எங்க வச்சிருந்தாங்க?"

சகாயநாதன் தட்டைப் பட்டுத் துணியில் சுற்றத் தொடங்கினார். பவுலினா கிடங்குச் சுவரோரத்தைக் கையால் காட்டிவிட்டு, அவர் முகத்தைப் பாராமல் உள்ளே போனாள். புறப்படும்போது பாக்கியராஜ், அந்தத் தட்டு இனி அதிக நாள் தாங்காது என்றும், முதலில் தேய்வது மெல்லிய ஒலிதான் என்றும் எச்சரித்துவிட்டுப் போனார்.

தட்டியது யார் என்பது சகாயநாதனுக்குத் தெரியும்.

பாட்டுப் பதிவான அன்று, தோட்டத்து வேலைக்காரன் முனிவேலின் மனைவி வெள்ளையம்மா, தொண்டை அடைத்து மூச்சுத் திணறிய தன் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போக அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே கார் சகாயநாதனுடையது. கதவு திறக்கவில்லை. அவள் நடந்தே போனாள். வழியிலேயே குழந்தை அடங்கிவிட்டது. நடந்ததை அவள் சொன்னபோது ஊர் கூடி விசாரித்தது. "உள்ள அம்மா பாடிக்கிட்டு இருந்தாங்க. கையால தட்டினேன். அப்புறம் கல்லெடுத்து இடிச்சேன்," என்றாள் அவள். பின்கதவை விட்டு முன்வாசலுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். அவள் தலை குனிந்து நின்றாள். தோட்டத்து ஆட்கள் முன்வாசலில் ஏறக்கூடாது என்பது சகாயநாதன் வீட்டு வழக்கம். அதை அவர் முன்னிலையில் எப்படிச் சொல்வாள்? கடைசியில் எல்லாரும் சகாயநாதனைப் பார்த்தார்கள். "என் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை," என்றார் அவர். அவர் சொல்லுக்கு ஊரில் மறுசொல் இல்லை. எல்லைக்கு அப்பால் மந்திரிக்கிறவனிடம் குழந்தையைத் தூக்கிப் போய் நேரத்தைக் கெடுத்துவிட்டுப் பெரிய வீட்டின் மேல் பழி போடுகிறாள் என்று மாமியார் நாராயணம்மா ஊரெல்லாம் சொன்னாள். முனிவேல் மனைவியை வீட்டைவிட்டு அனுப்பினான். கெலவரப்பள்ளிப் பக்கம் அண்ணன் வீட்டில் அவள் இருந்தாள்.

அவர் அறியாமல் சொன்னதாக இருந்தால் அது வேறு. பதிவு முடிந்த அன்று மாலை அற்புதமேரி சொல்லியிருந்தார்: "பாடறப்போ யாரோ தட்டின மாதிரி இருந்துச்சுங்க." "அது ஆர்மோனியத்தின் துருத்தி," என்று சொல்லிச் சகாயநாதன் மனைவியின் வாயை அடைத்துவிட்டார். ஊர் கூடிய நாளில் அற்புதமேரி அறையைவிட்டு வெளியே வரவில்லை. அதன்பிறகு கோவிலிலும் அவர் பாடவில்லை. நோயின் தளர்ச்சி என்று சகாயநாதன் எல்லாரிடமும் சொன்னார், தம்மிடமும் சொல்லிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் கனத்த ஒலிக்கான ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டுத் தட்டைப் போட்டார். தட்டல் கேட்கவில்லை.

காட்டில் ஒரு மான் இருந்ததாம். தன் நிழலைக் கண்டு அஞ்சிய அது, மேகம் மூடிய நாளில் மட்டும் மேய்வது என்று முடிவு செய்தது. நிழல் ஒழிந்தது. ஆனால் வானம் எப்போது வெளுக்குமோ என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்ததில், அதன் வாயில் ஒரு பிடி புல்லும் இறங்கவில்லையாம். சகாயநாதனின் நிலையும் அதுதான். தட்டல் வரவேண்டிய இடங்களில் அவர் மூச்சை அடக்கிக் காத்திருந்தார். கேட்காத தட்டல் கேட்ட தட்டலைவிடப் பெரிதாக இருந்தது. மூச்செடுக்கும் அந்த இடத்தை உருக்கம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். அது உருக்கம் அன்று. பாடும்போதே அற்புதமேரி கதவின் பக்கம் தலையைத் திருப்பியிருக்கிறார்.

குரலும் மாறிப்போயிற்று. கனம் நீங்கிய குரல் கூடத்தில் நிற்கவில்லை. கால் தரையில் பாவாமல் கூரையோரம் அலைந்தது. பவுலினா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத நிறுத்துங்கய்யா. அம்மா பாடற மாதிரி இல்ல. அம்மா செத்துப்போயிப் பாடற மாதிரி இருக்குது."

அவர் நிறுத்தினார். அன்று உச்சிவேளையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எழுந்து போய்க் கிடங்குக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. ஆட்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் கை தாழை நீக்கியது. ஒரு நாள் அப்படித் திறந்தபோது வாசலில் மெய்யாகவே ஓர் உருவம் நின்றது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாங்கய்யா, வேர்த்து ஊத்துது?" என்றான் முனிவேல். "கோணி எடுக்க வந்தேன்."

அவர் அவனையே பார்த்தார். "முனிவேல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க்காரர்களை என் வீட்டுக்கு வரச்சொல். வெள்ளையம்மா விஷயத்தை அன்றைக்கு விசாரித்தவர்கள் எல்லாரும் வரவேண்டும். அவளை நான் போய் அழைத்து வருகிறேன்."

"அவ பேச்சு இப்ப எதுக்குங்க?" அவன் முகம் இறுகியது.

"என் பேச்சுக்காகத்தான்."

கெலவரப்பள்ளியில் வெள்ளையம்மா கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். காரிலிருந்து இறங்கி வரப்பில் வந்தவரை நிமிர்ந்து பார்த்தாள், எழவில்லை. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தட்டில் அவளுடைய தட்டல் இருப்பதைச் சொன்னார். மனைவி சொல்லியும் தாம் மறைத்ததைச் சொன்னார்.

"நான் தட்டுனது எனக்குத் தெரியுங்களே," என்றாள் அவள். "எனக்கு எதுக்குப் போட்டுக் காட்டணும்?"

"உனக்காக அல்ல. அவர்களுக்கு. நீ இல்லாத இடத்திலெல்லாம் உன்னைப் பொய்க்காரி என்றார்கள். நீ இருக்கும்போது அவர்கள் கேட்கட்டும்."

மேலும் ஒரு வரிசை களையைக் கொத்திவிட்டு அவள் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "நீங்க சொல்லுவீங்களா? அந்தப் பொட்டி மட்டும் சொன்னா பத்தாது. உங்க வாயால சொல்லணும்."

"சொல்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் அவளை முன்வாசல் வழியாக அழைத்து வந்தார். படியில் அவள் கால் தயங்கியது. அவர் ஒதுங்கி நின்று அவளை முன்னே போகவிட்டார். கூடம் நிறைந்திருந்தது. முனிவேல் தூணோரம் நின்றான்.

சகாயநாதன் இரண்டு ஆம்ப்ளிபயர்களையும் போட்டார். எந்த நாளின் பாட்டு என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். பாட்டின் நடுவே கூடம் அசைந்தது; சிலர் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். தட்டு முடிந்ததும் மீண்டும் வைத்தார். இம்முறை மேல் பெட்டியை அணைத்தார். மனைவியின் குரல் அமிழ்ந்தது. முதலில் உள்ளங்கை. சிறு இடைவெளி. பிறகு கல்.

"கையால தட்டி, அப்புறம் கல்லால இடிச்சேன்னு இவ அன்னிக்கே சொன்னாளே," என்று கூட்டத்தில் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

"அவள் சொன்னதுதான் உண்மை," என்றார் சகாயநாதன். "என் மனைவிக்கு அது கேட்டது. என்னிடம் சொன்னாள். தெரிந்தேதான் நான் இல்லை என்றேன். முன்வாசலுக்கு அவளை வரவிடாமல் வைத்திருந்ததும் நான்தான். பொய்க்காரி அவள் அல்ல, நான்."

முனிவேல் சுவரைப் பார்த்தபடி, "இன்னொருக்கா போடுங்க," என்றான். அவர் போட்டார். அவன் பெட்டியின் அருகே வந்து அதன் மரப்பலகையின் மேல் கை வைத்துக்கொண்டான். தட்டல் விழும்போதெல்லாம் அவன் தோள் குலுங்கியது. வெள்ளையம்மா அழவில்லை.

"எங்க மாமியா வரலீங்களே," என்றாள். "ஊரெல்லாம் சொன்னது அவங்கதான். அவங்களால நடக்க முடியாது."

"காரில் அழைத்து வருகிறேன்."

"அவங்க அக்கா தங்கச்சிங்க இருக்காங்க. கிருஷ்ணகிரியில ஒருத்தி. அவங்களும் சொன்னாங்க."

"எல்லாரும் வரட்டும். யார் எப்போது வந்தாலும் போடுகிறேன்."

பவுலினா பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தாள். "ஐயா, தட்டு தேஞ்சிருங்க! அம்மா குரலு போயிருங்க!"

"போகட்டும்," என்றார் அவர்.

அவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அவர் வெள்ளையம்மாவுக்கு ஆளனுப்பி, அவள் வந்து உட்கார்ந்த பிறகே தட்டை எடுத்தார். தட்டு ஓடி முடிந்ததும் அதே சொற்களைத் தம் வாயால் சொன்னார். பாக்கியராஜ் எச்சரித்தபடியே மெல்லிய ஒலிதான் முதலில் போயிற்று. உதடு பிரியும் ஓசை போயிற்று, பிறகு சொற்கள். நாராயணம்மாவைக் காரிலிருந்து இறக்கித் தூக்கி வந்து உட்கார வைத்த நாளில், மேல் பெட்டியில் மணலைச் சலிப்பது போன்ற இரைச்சலே மிஞ்சியிருந்தது. கீழ்ப்பெட்டியில் தட்டல் அழியாமல் கேட்டது.

கிழவி கடைசிவரை கேட்டாள். சகாயநாதன் அவள் எதிரில் வந்து நின்றார்.

"நாராயணம்மா, உன் மருமகள் என் கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. திறக்காததை மறைத்துப் பொய் சொன்னேன்."

பிறகு வெள்ளையம்மாவின் பக்கம் திரும்பி, எல்லார் முன்னிலையிலும் அவளைக் கைகூப்பி வணங்கினார்.