நாலாயிரத்துக்குக் கீழே வாகனம் வெளிக்கிடாது

றெக்சனுக்கு விலை சொல்ல வராது. கம்பளம் கழுவுவதில் மன்னார்த் தீவிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. கட்டாரில் ஏழு வருஷம் அந்த வேலைதான் பார்த்தவன், கழுவுகிற மெசினும் அங்கே உழைத்த காசில் வாங்கியதுதான். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்காரர் "எவ்வளவு தம்பி?" என்று கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். "நீங்கள் பாத்துத் தாங்கோ" என்பான். வீட்டுக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் ஒரேயொரு கால்மிதியைக் கழுவுவதற்காகத் தலைமன்னார் வரைக்கும் வாகனத்தைக் கொண்டுபோய் வந்தான். கிடைத்தது முந்நூறு ரூபாவும் ஒரு பை கருவாடும். மனைவி ஜெனிற்றா கருவாட்டை வாங்கிக் குசினியில் வைத்தாள். பிறகு அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து, அவனுடைய பாஸ்போட்டை எடுத்துவந்து மேசையில் போட்டாள்.

"திரும்பவும் கட்டாருக்கே போங்கோ. அங்கை டீசல் காசாவது கொம்பனி குடுக்கும்."

கோபத்தில் வாயில் வந்ததுதான். ஆனால் சொல்லி முடித்ததும் அவளுக்கே அந்தச் சொல் பிடிக்கவில்லை. போன தடவை அவன் திரும்பி வந்தபோது, பெற்ற மகளே அவனைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். அந்தக் கூத்து இன்னொரு தரம் வேண்டாம் என்றுதான் இந்தத் தொழிலையே தொடங்கினார்கள். இது நிற்காவிட்டால் அவன் விமானம் ஏறத்தான் வேண்டும். இரண்டு பேருக்கும் அது தெரியும். அதனால் இரண்டு பேருமே பாஸ்போட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து ஜெனிற்றா கணக்குப் போட உட்கார்ந்தாள். றெக்சனின் அக்கா டிலோஜினியும் பூசைக்கு வந்தவள், தேத்தண்ணி குடிக்க இருந்தாள். டிலோஜினிக்குக் கீரிக் கடற்கரைப் பக்கம் பெரிய வளவு. கழுவிய கம்பளங்கள் காய்வதெல்லாம் அங்கே பனைகளுக்கிடையில் கட்டிய கயிறுகளில்தான். அவற்றைப் பிரட்டிப் போடுவது, மேய வரும் கழுதைகளைக் கலைப்பது, பின்னேரக் கடற்காற்றில் ஈரம் பிடிக்கமுதல் சுருட்டி உள்ளே எடுப்பது எல்லாம் அவள்தான்.

ஜெனிற்றா ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிச் சொல்லிக் கூட்டினாள். கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். ஆகவே பவுசர் வண்டியில் வாங்கும் நல்ல தண்ணீர். அதற்குமேல் சவர்க்காரம், கரண்ட், டீசல், மெசினுக்கு எண்ணெய், தேய்த்துத் தேய்ந்துபோகிற தும்புத்தடி, றெக்சனின் கூலி. கொஞ்சம் யோசித்துத் தன்னுடைய கூலியையும் போட்டாள். ஒரு தரம் வாகனம் வெளிக்கிட மொத்தம் நாலாயிரத்தில் வந்து நின்றது.

"எல்லாம் போட்டாச்சோ?" என்று டிலோஜினி கேட்டாள்.

"ஒண்டும் விடேல்லை, மச்சாள்."

டிலோஜினி தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். வழக்கமாகப் படலையில் நின்று இன்னும் அரைமணித்தியாலம் கதைக்கிறவள். அது ஜெனிற்றாவின் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த நாள் படலையில் பலகை தொங்கியது. 'ஒரு தரம் வேலை எடுக்க நாலாயிரம். அதற்குக் கீழே வாகனம் வெளிக்கிடாது. விலை மாறாது.' றெக்சன் அதை வாசித்துவிட்டு வெட்கப்பட்டான். ஜெனிற்றாவுக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. சின்ன வேலைகளால் பட்ட பாடு போதும் என்ற ஒரே நினைப்பில் இருந்தாள். நாலாயிரத்துக்குக் கீழே என்ன நடக்கும் என்று யோசித்தவள், ஒரு தரத்தில் எத்தனை கம்பளம் வரலாம் என்று யோசிக்கவேயில்லை.

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. வாடைக்காற்று ஊர் மணலையெல்லாம் வாரி வீடுகளுக்குள் கொட்டிவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வேலை குவிய வேண்டிய காலம். ஆனால் ஃபோன் செத்துக் கிடந்தது. நாளுக்கு நாள் ஜெனிற்றாவின் நிமிர்ந்த நெஞ்சு இறங்கிக்கொண்டே வந்தது. றெக்சன் கட்டாரிலிருக்கும் கூட்டாளியோடு வாட்ஸ்அப்பில் கதைக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் மூர்வீதியிலிருந்து ஸம்ஸியா என்றொரு பெண் ஃபோனில் கூப்பிட்டாள்.

"நாலாயிரம் தந்தா ஒரு ஓடர் முழுக்கக் கழுவித் தருவீங்கதானே?"

"ஓம், தருவம்."

"பொறகு கூட்டிக் கேக்க மாட்டீங்களே?"

ஜெனிற்றாவுக்குச் சுள்ளென்றது. "நாங்கள் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். கூட்டவும் மாட்டம், குறைக்கவும் மாட்டம்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நாளைக்கு நாங்களே கொண்டு வாறோம்."

ஜெனிற்றா ஃபோனை வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

மறுநாள் காலை, ஒழுங்கை முனையில் லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது இழுத்துவந்த பெட்டி நிறையக் கம்பளம். சுருட்டியது, மடித்தது, கயிற்றால் கட்டியது. சிவப்பு, பச்சை, டுபாயிலிருந்து வந்த பூப்போட்டது, தொழுகிற விரிப்பு, கதிரைக்குக் கீழே போடுகிற வட்டம். பெட்டிக்கு மேலே ஆள் உயரத்துக்கு அடுக்கி, விழாமல் இருக்க மேலே ஒரு பொடியனையும் ஏற்றி வைத்திருந்தார்கள்.

"இது... இது முழுக்க ஒரு வீடோ?" குரல் அவளுடையது போலவே இல்லை.

முன்னால் இருந்து இறங்கிய ஸம்ஸியா சிரித்தாள். "ஒரு வீட்டுல இவ்வளவு காபெட் விரிச்சா எங்க நடக்கிற? இது எங்கட ஒழுங்கை. இருவத்திமூண்டு வீடு. ஒரே ஓடர்தானே? இந்தாங்க நாலாயிரம்."

காசு ஜெனிற்றாவின் கைக்கு வந்துவிட்டது. இதைக் கழுவ ஒரு பவுசர் காணாது. ஒரு கிழமை வேலை. நாலாயிரம் தண்ணீருக்கே போய்விடும். தன் வாயால் சொன்ன சொல், தன் கையால் எழுதிய பலகை, இரண்டும் சேர்ந்து தொழிலைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டன என்று நினைத்தாள். மேசையில் போட்ட பாஸ்போட் கண்ணுக்குள் வந்தது. றெக்சன் கம்பளங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றான்.

"ஏன் இப்பிடி நிக்கிறீங்க?" ஸம்ஸியாவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நாங்க வீட்டுக்கு ஐந்நூறு போட்டுத்தானே குடுத்த."

ஐந்நூறு. இருபத்துமூன்று வீடு. ஜெனிற்றாவின் தலை தானாகப் பெருக்கியது. பெருக்கி வந்த தொகையைப் பார்த்துத் தலை சுற்றியது.

"பதினோராயிரத்து ஐந்நூறெல்லே வருது? மிச்சக் காசு எங்கை?"

"சேத்துத் தந்தவக்கு. வீடு வீடா ஏறி இறங்கினவ அவதானே."

"ஆரது?"

பெட்டிக்குப் பின்னால் இருந்து ஒருத்தி சேலைத் தலைப்பால் மணலைத் தட்டிக்கொண்டு வந்தாள். டிலோஜினி.

ஜெனிற்றா பேயறைந்தவள் போல நின்றாள். சொந்த மச்சாள். தம்பியின் வயிற்றில் அடித்து, இடையில் நின்று ஏழாயிரத்து ஐந்நூறை மடியில் கட்டிக்கொண்டு, சிரிக்கவும் செய்கிறாளே!

"என்ன மச்சாள் இது?" கண்ணீர் முட்டியது. "உங்கட தம்பியின்ர தொழிலெல்லோ?"

"ஓம். அதுதான் ஆள் பிடிச்சுக் கொண்டந்தனான். லான்ட்மாஸ்டர் கூலி போக மிச்சம் என்ர உழைப்பு." டிலோஜினி கம்பளக் குவியலைக் காட்டினாள். "கழுவி எங்கை காயப்போடப் போறாய்?"

"கீரியிலைதான்..."

"ஒருக்காப் படலை திறக்க ஆயிரத்து ஐந்நூறு. அதுக்குக் கீழை படலை திறக்காது. விலை மாறாது."

பலகையில் இருந்த அதே வார்த்தைகள். றெக்சன் "அக்கா" என்று என்னவோ சொல்லப்போனான். டிலோஜினி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அண்டைக்குக் கேட்டனான் எல்லே, எல்லாம் போட்டாச்சோ எண்டு? மெசினுக்கு எண்ணெய் போட்டனி. தும்புத்தடிக்கும் போட்டனி. ரெண்டு வருஷமாய் வெயிலுக்கை நிண்டு கழுதை கலைக்கிறவளுக்கு என்ன போட்டனி?"

ஜெனிற்றாவுக்கு அப்போதுதான் உண்மையான அடி விழுந்தது. லான்ட்மாஸ்டரைக் கண்டு பதறியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. உரக்கச் சொல்லிச் சொல்லிக் கூட்டினாளே, மச்சாளை எதிரே வைத்துக்கொண்டே! தும்புத்தடிக்கு இருந்த இடம் அந்தக் கணக்கில் டிலோஜினிக்கு இருக்கவில்லை. வேண்டுமென்று விடவில்லை, நினைவே வரவில்லை. அதை நினைக்க நினைக்க முகம் எரிந்தது.

"நீ கேட்டிருந்தால் வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன்," என்றாள் டிலோஜினி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கேக்கேல்லை. அதுதான் எனக்குச் சுட்டது. அவன் கட்டாருக்குப் போகக் கூடாதெண்டு உனக்கு மட்டும்தான் ஆசையோ? உன்ர நாலாயிரத்துக்கு இந்தச் சனம் கூப்பிடாது. ஐந்நூறெண்டால் காபெட்டைத் தூக்கிக்கொண்டு தாங்களே படலைக்கு வருதுகள். பேசாலையிலையும் ரெண்டு ஒழுங்கை கேட்டு வைச்சிருக்கிறன். வேணுமெண்டால் சொல்லு, வேண்டாட்டி விடு."

ஜெனிற்றா கையிலிருந்த நாலாயிரத்தைப் பார்த்தாள். அதிலிருந்து ஆயிரத்து ஐந்நூறைப் பிரித்து நீட்டினாள். 'வேண்டாம், வை' என்று மச்சாள் சொல்லுவாள் என்று கடைசி நிமிஷம் வரை எதிர்பார்த்தாள். டிலோஜினி அப்படியொன்றும் சொல்லவில்லை. வாங்கி, எண்ணி, பேர்சுக்குள் வைத்தாள்.

அந்த அதிர்ச்சியையும் விழுங்கிக்கொண்டு ஜெனிற்றா கணவனிடம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பலகையைக் கழட்டுங்கோ. விலை பிழை."

றெக்சன் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "இனி எவ்வளவெண்டு எழுதிறது?"

"என்னட்டைக் கேக்காதேங்கோ," என்றாள் ஜெனிற்றா. "அக்காட்டைக் கேளுங்கோ."